ஒரு மணிக்குத் திறக்கும் கதவு

— சூப்பு உள்ள வாங்க மாட்டோம்னு நேத்தே சொன்னேனேக்கா. மறுபடியும் ஃபிளாஸ்க்கைத் தூக்கிட்டு வந்திருக்கீங்க.

— ஆட்டெலும்பு சூப்பு, டாக்டர் தம்பி. எங்க வீட்டுக்காரருக்கு ஆகாதுன்னா நீங்க குடிங்க. ஒன்பது நாளா பாக்குறேன், உங்க மூஞ்சி சுண்டிப்போய்க் கெடக்கு. இந்தக் கதவு ஒரு மணிக்குத் தொறந்தா நீங்கதான் வர்றீங்க. இந்த நாரின் ஊர்ல வேற டாக்டரே இல்லையா?

— இந்த ஐ.சி.யு.ல ஆறு கட்டிலுக்கும் நான் ஒருத்தன்தான்.

— நெஞ்சு டாக்டர் வந்தாரு, கிட்னி டாக்டர் வந்தாரு, ஆளுக்கு ஒண்ணு சொல்லிட்டுப் போனாங்க. நீங்க எதுக்கு டாக்டர்?

— இங்க பாருங்க, ஒருத்தர் தண்ணி ஏத்துன்னுவாரு, இன்னொருத்தர் ஏத்தாதேன்னுவாரு. சொல்லிட்டுக் கெளம்பிடுவாங்க. நடுவுல கெடக்குற மனுஷனுக்கு நான் டாக்டர். எவ்வளவு ஏத்தணும், எவ்வளவு தூங்க வைக்கணும், எப்ப எழுப்பணும், எல்லாம் என் தலைலதான்.

— சரி சொல்லுங்க, சொல்லுங்க. இன்னிக்கு எப்படி இருக்காரு?

— விடியக்காலைல தொண்டைக் குழாயை எடுத்துட்டேன். தானா மூச்சு விடுறாரு.

— அல்லா! அதைச் சொல்லாம சூப்பைப் பத்திப் பேசிட்டு நிக்கிறீங்களே!

— முழுசாக் கேளுங்க. மயக்க மருந்தை நிறுத்தினதும் புத்தி குழம்பிப்போச்சு. கையக் கால உதறுறாரு, ஊசியப் பிடுங்குறாரு, கட்டிலை விட்டு எறங்கப் பாக்குறாரு. மூச்சு எறைக்குது. இப்படியே போனா மறுபடி தூங்க வெச்சுக் குழாய் போடணும். ரெண்டாந்தடவை அந்த நுரையீரல் தாங்குமான்னு என்னால சொல்ல முடியல.

— நான் என்ன செய்யணும்?

— உள்ள வரணும்.

— நானா? ஒன்பது நாளா கெஞ்சினேன். சொந்தக்காரங்களுக்கு அனுமதி இல்லைன்னு கதவுலயே ஒட்டியிருக்கே.

— ஒட்டினது பெரிய டாக்டர். அவர்கிட்ட நான் திட்டு வாங்கிக்கிறேன். இங்க பாருங்க, பழகின குரல் கேட்டா இவர் அடங்குவாரு. அந்த மருந்து என்கிட்ட இல்ல. அவரும் விடிஞ்சதுலேர்ந்து உங்களைத்தான் கூப்பிட்டுக்கிட்டு இருக்காரு.

— என்னையா? பேர் சொல்லியா?

— ‘அனார்கான், அனார்கான்’னு. வார்டே அதிருது. கல்யாணமாகி எத்தனை வருஷம்க்கா?

— இருபத்தெட்டு.

— இருபத்தெட்டு வருஷத்துக்கப்புறம் இப்படியா! என் பொண்டாட்டி கேட்டா என்னைக் கொன்னே போட்டுடுவா. இந்தாங்க, கவுனை மாட்டுங்க. பாஸ்போர்ட்டைக் குடுங்க, நோட்டுல எழுதணும். அட, ஏன் அழுறீங்க? நல்ல சேதிதானே... என்னக்கா இது, பாஸ்போர்ட்டுல பேரு ‘கலிச்சா’ன்னு இருக்கு?

— அதான் என் பேரு.

— அப்ப அனார்கான்?

— எங்கக்கா. அவரோட மொதல் பொண்டாட்டி. பிரசவத்துல போயிட்டா. கைக்கொழந்தை கெடக்கு, வேத்து மனுஷி வந்தா பாப்பாளான்னு வருஷம் திரும்பினதும் பெரியவங்க என்னை அனுப்பிட்டாங்க. நம்ம பக்கம் நடக்குறதுதானே. எனக்கு அப்பப் பத்தொம்பது.

— தெரியாம வாயை விட்டுட்டேன்க்கா.

— நீங்க என்ன பண்ணுவீங்க. நல்ல மனுஷன்தான். கை ஓங்கினதில்ல. ஆனா என் பேரைச் சொன்னதில்ல. ‘ஏய்’ம்பாரு, இல்லன்னா ‘சின்னவளே’ம்பாரு. தூக்கத்துலயாவது ஒருதரம் வாய் தவறிச் சொல்ல மாட்டாரான்னு காதைத் தீட்டிக்கிட்டுக் கெடந்திருக்கேன், தம்பி. அந்த ஏக்கம் இன்னும் போகல.

— உங்களுக்கு முடியலன்னா வேணாம். மகளை வரச் சொல்லலாம்.

— அவ மாஸ்கோவுல தட்டுக் கழுவிக்கிட்டு இருக்கா. வர்றதுக்கு நாலு நாளாகும். நாலு நாள் தாங்குமா?

— தாங்காது.

— என் குரலும் அக்கா குரலும் அச்சு ஒண்ணுன்னு எங்கம்மா சொல்லும். அவளாவே உள்ள போறேன். யாரை நெனச்சுக்கிட்டாவது இருக்கட்டும், மனுஷன் இருக்கணும்.

— இங்கேர்ந்து பொழைச்சுப் போறவங்களுக்கு இங்க நடந்தது எதுவும் நெனவிருக்காதுக்கா. என்னையே சந்தையில பாத்தா யாரோன்னு தாண்டிப் போவாங்க.

— எனக்கு நெனவிருக்குமே. பரவால்ல, வாங்க போலாம்.

— மெதுவா. வயரை மிதிச்சுடாதீங்க. மூணாவது கட்டில்... ஜோல்தோஷ் அண்ணே! கண்ணைத் தொறங்க. நீங்க கூப்பிட்ட ஆள் வந்தாச்சு.

— நான்தாங்க. அனார்கான்.

— அனார்கான்... வந்துட்டியா...

— வந்துட்டேன். உதறாதீங்க. கையக் குடுங்க, நான் பிடிச்சுக்கிறேன்.

— பிடிக்காத, விடு. விடிஞ்சதுலேர்ந்து கத்துறேன், கேக்காம இழுத்துக்கிட்டே இருக்க. உன்கூட இப்ப வர முடியாது, அனார்கான். அங்க வெளியில கதவுகிட்ட என் கலிச்சா தனியா நிக்கிறா.