துணிக்கொடியின் கீழே

இந்தச் செடிக்கு உரம் போடக் கூடாது. போட்டால் இலைதான் தழைக்கும். தரிசில் தானாக முளைக்கிற காட்டுச்செடி. வேர் பிடித்துவிட்டால் ஆண்டுதோறும் துளிர்க்கும். ஆனால் மற்ற பூவெல்லாம் உதிர்ந்த பிறகுதான் பூக்கும். அதுவரை பார்வைக்குக் களை மாதிரி இருக்கும்.

அதனால் அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு முறை மொட்டு வைக்கும் முன்பே பிடுங்கிப் போட்டாள்.

"களைன்னு நினைச்சேன்டி," என்றாள் முதல் முறை. இரண்டாம் முறை சிரித்தாள். "உன்னை மாதிரியேதான் இருக்கு. எப்பப் பூக்கும்னு அதுக்கே தெரியாது."

நானும் சிரித்தேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அத்தான் போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான்.

மிச்சமிருந்த வேரைத் துணிக்கொடிக்கு அடியில் நட்டேன். அங்கே நல்ல வெயில்.

அக்காவுக்குத் தேனீ ஆகாது. சின்ன வயதில் ஒன்று கொட்டி, மூச்சு முட்டிப் பிழைத்தவள். அதற்கான ஊசிமருந்து சமையலறை இழுப்பறையில் எப்போதும் இருக்கும். பூக்காலத்தில் பின்பக்கம் வர மாட்டாள். குளிர் வந்ததும் பயம் விட்டுவிடும். குளிரில் தேனீ ஏது என்பாள்.

"பின்பக்கம் ஒரே புதர். சிமென்ட் போட்டுடலாம். கொத்தனார் நாளைக்கு வராரு."

"இந்த வருஷமாவது பூக்கட்டுமேக்கா."

"நீ முதல்ல பூக்கிற வழியைப் பாரு."

அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. செடி அப்போதே பூத்திருந்தது. வேறெங்கும் பூ இல்லாததால் அக்கம்பக்கத்துத் தேனீயெல்லாம் அதில்தான். குளிரில் அவை சட்டென்று பறக்காது, ஐயா. மேலே துணி படிந்தால் மடிப்புக்குள் ஏறிக்கொள்ளும்.

கொடியைக் கொஞ்சம் தாழ்த்திக் கட்டினேன். படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டேன். பூ மறைந்துவிட்டது. அக்கா துணி எடுத்தால் ஒரே வாரலாக வாரி மார்போடு அணைத்துக்கொள்வாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

பின்பக்கமிருந்து கூப்பிட்டாள். கேட்டது. முன்பக்கம் தொட்டிக்கு மண் மாற்றிக்கொண்டிருந்தேன். ஊசி என் பையில்தான் இருந்தது. காலையில் இழுப்பறையைத் துடைத்தபோது எடுத்து வைத்தது. ஆனால் கையெல்லாம் மண். அழுக்குக் கையோடு மருந்தைத் தொடாதே என்று அக்காதான் சொல்வாள். கழுவப் போனேன். நகத்துக்குள் இருந்ததையும் விடாமல் தேய்த்துக் கழுவினேன். அதற்குள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

கொத்தனாரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். வீட்டைப் பூட்டும்போது உங்கள் ஆட்களிடம் சொல்லுங்கள், அது களை இல்லை.

கொன்றேன் என்று எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் அவளைச் செடியிடம் போகச் சொல்லவில்லை. துணியை எடுத்துட்டு வாக்கான்னு மட்டும்தான் சொன்னேன்.