பெட்டியில் எழுதாதது

மாவை மூன்று முறை சலிக்க வேண்டும் என்று சொன்னால் இந்தக் காலத்துப் பெண்கள் சிரிக்கிறார்கள். சலிக்கச் சலிக்க மாவுக்குள் காற்று ஏறும். அந்தக் காற்றுதான் கேக்கைத் தூக்கி நிறுத்தும். நீங்கள் கேட்டதற்கு இது பதில் இல்லை என்று தெரியும், ஷெரீஃப் ஹோக்லண்ட். இங்கிருந்து தொடங்கினால்தான் எனக்கு வரிசையாகச் சொல்ல வரும்.

பெயர் ஆர்டிஸ் ட்வீட்டன். வயது ஐம்பத்தெட்டு. திருமணம் ஆகவில்லை. அப்பா விட்டுப்போன பண்ணை வீட்டில் தம்பி டுவேனோடும் அவன் மனைவி டார்லாவோடும் இருக்கிறேன். அவர்களுக்கு ஒரே மகள், ஜோலீன். போன மாதம் பதினொன்றாம் தேதி அவளுடைய ஆறாவது பிறந்தநாள்.

எங்கள் கொட்டகைக்குப் பின்னால் நான்கு கருப்பு வால்நட் மரங்கள் நிற்கின்றன. அக்டோபரில் காய்களை வண்டிப்பாதையில் கொட்டி டிரக்கை முன்னும் பின்னும் ஓட்டினால் பச்சைத் தோல் கழன்றுவிடும். கிறிஸ்துமஸ் வரை எனக்கு நகமெல்லாம் கறுத்திருக்கும். அந்தப் பருப்பைப் போட்டு நான் செய்யும் கேக்குக்குக் கவுண்டி கண்காட்சியில் ஒன்பது முறை முதல் பரிசான நீல ரிப்பன் கிடைத்திருக்கிறது. கடையில் எல்லாம் கலந்தே பெட்டியில் விற்கிறார்களே, அந்தப் பெட்டி மாவில் செய்ததை அங்கே மேசையிலேயே வைக்க விடமாட்டார்கள்.

ஜோலீனுக்கு மூன்று வயதில் அந்தக் கேக்கில் ஒரு துணுக்கு கொடுத்தேன். முகம் வீங்கிவிட்டது. வால்நட், பாதாம் மாதிரிக் கொட்டைப் பருப்பு எதுவும் அவளுக்கு ஆகாது என்றார் டாக்டர். அவசரத்துக்குப் போட ஓர் ஊசியைக் கொடுத்து, கொட்டைப் பருப்பு உள்ளே போனது உறுதியாகத் தெரிந்தால் மட்டும் போடுங்கள், வேறு எதற்கும் போட்டுவிடாதீர்கள் என்றார். அது எங்கள் ஃபிரிட்ஜ் கதவில், வெண்ணெய்க்குப் பக்கத்தில் இருந்தது. அன்றிலிருந்து, உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அச்சடித்த பட்டியல் இல்லாத எதையும் டார்லா குழந்தையின் வாயில் வைக்க விடவில்லை. என் கிண்ணத்தில் பட்டியல் ஏது?

டார்லா கெட்டவள் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் ஏதாவது சொன்னால் கோபப்படாமல் சிரிப்பாள்.

"உங்க கிண்ணத்துல என்ன இருக்குன்னு உங்களுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும், ஆர்டிஸ். பெட்டின்னா எழுதியே குடுத்துடறான்."

"அதுல எழுதியிருக்கற பேரெல்லாம் உன் வாய்ல நுழையுமா?"

"எதுக்கு நுழையணும்? வால்நட்னு ஒரு வார்த்தை இல்லேன்னா எனக்குப் போதும்."

எங்கள் தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் நடக்கும் விருந்துகளில் அவரவர் செய்து கொண்டுவரும் தட்டுக்கு அடியில் பெயர் எழுதி ஒட்டி வைப்போம், தட்டு மாறிப் போகாமலிருக்க. ஜனவரியில் ஒரு ஞாயிறு டார்லாவின் கேக் தட்டு வழித்துத் துடைத்தாற்போல் காலியாகிவிட்டது. என்னுடையதில் பாதி அப்படியே இருந்தது. போதகரின் மனைவி மிசஸ் லிண்டால் அவளிடம் செய்முறை கேட்டார்.

"பெட்டிக்குப் பின்னாடியே இருக்கு, மிசஸ் லிண்டால். மூணு முட்டை உடைக்கத் தெரிஞ்சா போதும். எங்க ஆர்டிஸ் மாவு சலிச்சு முடிக்கறதுக்குள்ள நான் கேக்க சுட்டு, பாத்திரத்தயும் கழுவிக் கவுத்திடுவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. தயவுசெய்து அதைக் காரணமாக எழுத வேண்டாம்.

காரணம் குழந்தைதான். மெலிந்து, வெளிறிப்போய் இருந்தாள். பெட்டிக்குள் இருக்கும் மருந்துகளைத் தின்று தின்றுதான் நல்ல சாப்பாட்டை அவள் உடம்பு மறந்துவிட்டது என்று நான் நினைத்தேன். புதுத் தீவனத்துக்குக் கன்றுகளை எப்படிப் பழக்குகிறோம்? முதல் வாரம் ஒரு கைப்பிடி, அடுத்த வாரம் இரண்டு. அதற்கு யாரும் டாக்டரைக் கேட்பதில்லை.

டார்லா எப்போதும் சாக்லேட் கேக் பெட்டிதான் வாங்குவாள். கெண்டியின் ஆவியில் காட்டினால் பெட்டியின் அடிப்பக்கப் பசை இளகிவிடும். உள்ளே இருந்த மாவைக் கோழிகளுக்குப் போட்டேன். என் மாவு, சர்க்கரை, கோக்கோ, சோடா எல்லாவற்றையும் மூன்று முறை சலித்து, அதே எடைக்கு நிரப்பி, மைதாப் பசையால் ஒட்டி, அலமாரியில் இருந்த இடத்திலேயே வைத்தேன். வால்நட்டை அம்மாவின் காபிக்கொட்டை அரைக்கும் மெஷினில் மாவாகவே அரைத்துச் சேர்த்தேன். முதல் பெட்டியில் ஒரு சிட்டிகை. ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதில் அரை டீஸ்பூன். ஜோலீனுக்கு உதடு அரித்தது, டார்லா ஸ்ட்ராபெரி ஜாமைக் குறை சொல்லி அதைத் தூக்கிப் போட்டாள். மூன்றாவதில் ஒரு டீஸ்பூன். குழந்தை இரண்டு நாள் இருமினாள். பனிக்காற்று என்றார்கள்.

பிறந்தநாள் பெட்டியில் இரண்டு பெரிய கரண்டி. அதற்குக் குறைந்தால் கேக்கில் கனம் இருக்காது.

அன்று கேக் வெட்டும்வரை நான் அடுப்படிப் பக்கமே போகவில்லை என்று முதல் விசாரணையில் உங்களிடம் சொன்னேன். அது உண்மை. கலக்கியது, சுட்டது, வெட்டியது எல்லாம் டார்லா. டுவேன் ஒரு வாய் தின்றுவிட்டு, "என்னடி இது, இன்னிக்குப் பெட்டிக்காரன் நல்ல மூட்ல இருந்திருக்கான் போல," என்றான். டார்லா அவன் தலையில் தட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் ஜோலீன் கழுத்தைச் சொறிந்தாள். குரல் கம்மியது. டார்லா ஊசியை ஒரு கையில் எடுத்தாள். மறு கையில், குப்பையிலிருந்து எடுத்த பெட்டி.

"மாவு, சர்க்கரை, கோக்கோ... இல்லையே டுவேன். இதுல வால்நட் இல்லையே."

திரும்ப முதலிலிருந்து படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஆர்டிஸ், நீங்க ஏதாவது குடுத்தீங்களா? ஒரு குக்கி, எதாவது? திட்டமாட்டேன், சொல்லுங்க."

"நான் ஒண்ணும் குடுக்கல," என்றேன்.

அவள் மூன்றாவது முறை படித்தாள். ஊசி மூடியோடு அப்படியே கையில் இருந்தது. டுவேன் குழந்தையைப் போர்வையில் சுற்றிக் காரில் போட்டான். மருத்துவமனை இருபத்தாறு மைல். பதினான்காவது மைலில், இனிப் போய்ப் பயனில்லை என்று காரைத் திருப்பிவிட்டார்கள். அவர்கள் வருவதற்குள் நான் தட்டுகளைக் கழுவி, மீதியிருந்த கேக்கை மூடி வைத்திருந்தேன். அதைத்தான் உங்கள் ஆட்கள் சோதனைக்கு எடுத்துப் போனார்கள்.

சோதனை முடிவு வந்ததும் நீங்கள் டார்லாவை அழைத்துக்கொண்டு போனீர்கள். அவள் கலக்கிய கேக், அவளுடைய அடுப்படி. தான்தான் எங்கோ தவறு செய்திருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். டுவேன் அவளைப் பார்க்க வருவதில்லை என்றும் கேள்விப்பட்டேன். அவனும் அப்படித்தான் நம்புகிறான். நான் போய்ச் சொன்னாலும் அவள் நம்பப் போவதில்லை. அந்தப் பட்டியலை அவள் இப்போது மனப்பாடமாகச் சொல்கிறாள் என்று உங்கள் காவலர் சொன்னார்.

"நீங்க அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவங்க ஊசி போட்டிருப்பாங்க இல்ல, மிஸ் ட்வீட்டன்?" என்று சற்று முன் கேட்டீர்கள்.

போட்டிருப்பாள். சொல்ல வாயைத் திறந்தேன். மேசையைச் சுற்றி எல்லோர் தட்டிலும் இன்னும் கேக் இருந்தது. சொல்லியிருந்தால் ஒருவரும் அதைத் தின்று முடித்திருக்க மாட்டார்கள்.

டார்லாவை விட்டுவிடுங்கள். அதற்காகத்தான் வந்தேன். அப்புறம், உங்கள் தாளில் 'டார்லா செய்த கேக்' என்று இருக்கிறது. அதைத் திருத்துங்கள். அப்படி ஒரு கேக் அவளுக்குச் செய்ய வராது. அன்று ஜோலீன் இரண்டாவது துண்டு கேட்டாள், ஷெரீஃப். பெட்டிக் கேக்கை அவள் ஒருநாளும் இரண்டாவது தடவை கேட்டதில்லை.