ஏழாவது பூட்டு

தும்முங்க சார், அடக்காதீங்க. மொளகா குடோன் வாசல்ல தும்மல அடக்குனா கண்ணு ரெண்டும் செவந்துடும். வரி ஆபீசுலேர்ந்து வந்தவரு, நின்னுகினு கீறீங்களே, இந்த முக்காலில குந்துங்க. நான் பதினோரு வருசமா இங்க வாச்மேனு. எங்க வூட்டுக்காரி ரோசி இன்னும் தும்மிக்கினுதான் கீறா. தோ, சுவத்த ஒட்டி ஓலை எறக்கிக் கீதே, அதான் நம்ம வூடு. ஞாயித்துக்கெயமைக்குள்ள காலி பண்ணணும்னு மொதலாளி சொல்லிட்டாரு.

ஏன்னா கேக்குறீங்க? எல்லாம் எலக்சன்தான் சார். ஹார்பர்ல மூட்டை தூக்குறவங்களுக்கு சங்கம் வெச்சிக்கினு கீறானே கருணாகரன், அவன் நின்னான். மொத மீட்டிங்கு கல்மண்டபத்துல. சர்க்காருக்குக் கடன் ஏறிப்போச்சு, வெளிநாட்டுக்காரன்கிட்ட கோதுமைய கடனுக்கு வாங்குறாங்கன்னு ஒரு மணி நேரம் கத்துனான். சனம் கொட்டாவி வுட்டுது. அந்தக் கோதுமைய கப்பல்லேர்ந்து எறக்குனதே அவங்கதான். அப்பால தனியா கூப்ட்டு சொன்னேன். நைனா, இந்தப் பக்கம் கடன் இல்லாதவன் எவன்? நீ பேசறதக் கேட்டா, பாவம், சர்க்காரும் நம்மள மாதிரிதான் கீதுன்னு ஓட்ட அவங்களுக்கே போட்ருவாங்க. கடன வுடு. பூட்ட எண்ணு.

எங்க மொதலாளிக்கு இந்த ரோட்டுல ஏயு குடோனு. ஏயு பூட்டு, ஒரே சாவிக்கொத்து. அத்த சொன்னது நான்தான், வேற யாருக்குத் தெரியும். அடுத்த மீட்டிங்குல கருணாகரன் வேற ஒண்ணுமே பேசல. ஏயு பூட்டு வெச்சிக்கினு கீற ஆளு கட்டுற வரி எவ்ளோன்னு கேட்டான், மேடைய வுட்டு எறங்கிட்டான். மறுநாள்லேர்ந்து ரோட்டுல போறவன் வர்றவன்லாம் பூட்டு எண்ண ஆரம்பிச்சிட்டான். எதிர்ல மீன் விக்கிற பவுனம்மா மட்டும் இன்னிக்கு வரைக்கும் எட்டுன்னுது. கக்கூஸ் பூட்டையும் சேத்துக்கிச்சு.

சோக்கா ஜெயிச்சான் சார். அப்பால டில்லில பணக்காரங்களுக்குன்னு தனியா ஒரு வரி போட்டாங்களா, அதுவும் தன்னாலதான்னு ஒரு மாலை வாங்கிக்கினான்.

மொதலாளியா? அவரு ஓட்டுப் பொட்டி வர்றதுக்கு முன்னாலயே பயந்துட்டாரு. மச்சான் பேர்ல ஒண்ணு, சம்பந்தி பேர்ல ஒண்ணுன்னு குடோன எல்லாம் எயுதி வெச்சிட்டாரு. ஆறோட சொந்தக்காரங்க தீந்துட்டாங்க. இருக்காங்க, ஆனா அவங்கள நம்ப மாட்டாரு. ஏயாவதா? சொல்றேன் சார், டீ சொல்லிக் கீறேன், வரட்டும்.

பூட்டு கணக்கச் சொன்னது யாருன்னு போன வாரம்தான் அவருக்குத் தெரிஞ்சிது. அடிக்கல, திட்டல. ஓலையப் பிரிச்சிக்கினு போன்னாரு, அவ்ளோதான். ரோசி அன்னிக்கு சோறு துன்னல. பதினோரு வருசத்துல ஒரு மூட்டை கொறஞ்சதில்ல.

இன்னா, இந்தக் குடோன் யாருதுன்னா? இதான் அந்த ஏயாவது. எலக்சனுக்கு ஒரு வாரம் முன்ன என்னை ரிஜிஸ்தர் ஆபீசுக்கு இஸ்துகினு போய் கைநாட்டு வாங்குனாரு. எவனாவது கேட்டா என்துன்னு சொல்லு, அதுக்கு மேல வாயத் தொறக்காதன்னாரு. பத்தரத்துல கீற தாமஸ் நான்தான் சார். அசலு அவரு பொட்டில கீது. நகல் நான் போய் வாங்கியாந்துட்டேன், ஆபீசுல கேட்டா குடுக்குறாங்க.

அவரு சொல்லச் சொன்னதத்தான் சொல்றேன், எயுதிக்குங்க. என்துதான். வரி கட்டுனா ரசீது எம்பேர்லதான தருவீங்க? அப்ப எவ்ளோன்னாலும் கட்டிடறேன். ரோசி காதுத் தோட்டக் கயட்டித் தர்றேன்னுட்டா.

டீ வந்துடுச்சு, குடிச்சிட்டே போங்க. அதோ மொதலாளி சாவிக்கொத்தோட வர்றாரு, நீங்க கூட இருந்தா நல்லது. கொஞ்ச நேரம் ஒவ்வொரு சாவியா போட்டுப் பாப்பாரு. காலைலதான் மண்ணடிக்குப் போய் வேற பூட்டு வாங்கியாந்து மாட்டுனேன்.