பொத்தானை விடாத கட்டைவிரல்

ஐயா, ஒரு சின்ன விஷயம். வாக்குமூலத்தில் என்னை 'ஆபரேட்டர்' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் சூப்பர்வைசர். டாக்சி கம்பெனியில் அப்படிக் கூப்பிடாத டிரைவருக்கு நல்ல சவாரி கொடுக்க மாட்டேன். மற்றபடி எதையும் பெரிதுபடுத்துகிற ஆள் இல்லை.

வீட்டில் எனக்கு வாய் திறக்க அனுமதி கிடையாது. "கொஞ்சம் சும்மா இருங்க" என்பதைத் தவிர மனைவி என்னிடம் அதிகம் பேசுவதில்லை. வயர்லெஸ் மைக்கைப் பிடித்தால்தான் நான் பேச்சாளர். எல்லா வண்டியிலும் என் குரல் கேட்கும். பொத்தானை நான் விடும்வரை வேறு எவரும் பேச முடியாது. இந்தத் தொப்பைக்கு வேறு எந்தச் சபை கிடைக்கும்?

அந்த டிரைவர் என்னோடு பள்ளியில் படித்தவள். அப்போது பையன், இப்போது பெண். 'அவள்' என்று சொல்கிறேன் பாருங்கள், நாக்கு ஒன்றும் சுளுக்கிக்கொள்ளவில்லை. மைக்கில் மட்டும் "தம்பி" என்பேன். மற்ற டிரைவர்கள் சிரிப்பார்கள்.

ஒருநாள் என் அறைக்கே வந்தாள். "அண்ணே, வண்டி காலியா இருக்கும்போது என்ன வேணா சொல்லிக்கோங்க. சவாரி இருக்கும்போது வேண்டாம். எல்லாரும் ஒரே மாதிரி இருக்க மாட்டாங்க. பயமா இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. என் வாய்க்குப் பூட்டுப் போட வீட்டில் ஒருத்தி போதாதா?

அன்று மத்தியானம் மதுக்கடை வாசலிலிருந்து மூன்று பேர் வண்டி கேட்டார்கள். நல்ல போதை. பக்கத்திலேயே இரண்டு வண்டிகள் இருந்தும் அவளைத்தான் அனுப்பினேன். ஏறிவிட்டார்கள் என்று அவள் சொன்னதும், "தம்பி, மீசைய எப்ப எடுத்தே?" என்றேன்.

பின்சீட்டில் ஒரு சிரிப்பு கேட்டது. பிறகு அவள் குரல். "அண்ணே, ஓரங்கட்டச் சொல்றாங்க, இறங்க விடமாட்டேங்கிறாங்க, யாரையாவது அனுப்புங்க."

நான் பொத்தானை அழுத்தினேன். கருத்துச் சுதந்திரம் பற்றிப் பேசினேன். யாரும் யார் வாயையும் அடைக்கக் கூடாது என்றேன். நன்றாகவே பேசினேன், நடுவில் தண்ணீர் குடித்தபோதுகூடக் கட்டைவிரலை எடுக்கவில்லை. விட்டபோது அவள் பக்கம் சத்தமே இல்லை.

கொன்றது அந்த மூன்று பேர். நான் பேசினேன், அவ்வளவுதான்.

எல்லாம் சரியாக எழுதியிருக்கிறீர்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்த 'ஆபரேட்டரை' மட்டும் அடித்துவிடுங்கள். ஒரு மனுஷனை அவன் விரும்புகிற மாதிரி கூப்பிட்டால் உங்களுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?