பெரட்டில் வாசித்த ரகசியம்

கொழுந்துக் கூடையைத் தூக்கிய தோளிலேயே கொடிக்கம்பத்தையும் தூக்கிய பெருமகனார், இக்கூட்டத்தின் தலைவர் அண்ணன் தங்கையா அவர்களே! கடையை அரைக்கதவு சாத்திவிட்டு வந்திருக்கும் கடைவீதிப் பெருமக்களே! மூன்று மைல் மேடேறி, முட்டிவலி மறந்து, முன்வரிசையில் முக்காடிட்டு அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! மப்ளருக்குள் காதை மறைத்தாலும் மனத்தை மறைக்காத மூத்தோர்களே! வெலிங்டனிலிருந்து வந்திருக்கும் என் பழைய படைத்தோழர்களே! நாற்காலி போட்டுக் கொடுத்தும் நுனியிலேயே உட்கார்ந்திருக்கிற, நம் பாறைமட்டம் எஸ்டேட்டின் ஐந்தாம் நம்பர் லயத்து அம்மா, சிப்பாய் சின்னராஜைப் பெற்றெடுத்த ஆண்டாயி அம்மாள் அவர்களே! எல்லோருக்கும் இந்த வெள்ளியங்கிரியின் பணிவான வணக்கம்.

பின்னால் கேட்குதுங்களா? கேட்குதா... சரிங்க. மைக்செட் தம்பி, அந்த வயரை மட்டும் யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கோயமுத்தூர்ப் பக்கம் பிறந்தவன். பதினேழு ஆண்டு பட்டாளத்தில் ஸ்டோர் பார்த்தவன். இன்று கீழ்பஜாரில் மளிகைக்கடை வைத்திருப்பவன். இங்கே வரும் வழியில் ஒருவர் என்னை மறித்துக் கேட்டார். "ஏனுங்க, இலைக்கு விலை இல்லை, பாக்டரி வாரத்துல மூணு நாள்தான் ஓடுது, அவனவன் ஊட்டுல அடுப்பு எரியறதே பெரும்பாடு. இப்பப் போய்ப் பட்டாளத்துக்காரப் பையனுக்குக் கூட்டமா?" என்றார். நியாயமான கேள்வி. வயிறு எரியும்போது வாயை மூடிக்கொள்ளச் சொல்வது உலக வழக்கம். வயிறு எரிகிறவன்தான் வாயைத் திறக்க வேண்டும் என்பது என் வழக்கம்.

கேள்வி இதுதான், பெருமக்களே. ராணுவ ரகசியம் என்று முத்திரை குத்திய தாளை, ஒரு தவற்றை வெளியே கொண்டுவருவதற்காக ஒரு சிப்பாய் வெளியிட்டால், அவன் தண்டனைக்கு உரியவனா? அவன் துரோகியா? தொண்டனா?

சின்னராஜ் யார்? கண்டிச்சீமைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பத்துப் பிள்ளை. இந்த லயத்து வீட்டுவரிசையிலிருந்து பட்டாளத்துக்குப் போன முதல் பிள்ளை. பெயர் சொல்லக்கூடாத ஒரு பனிமலையில், பெயர் சொல்லக்கூடாத ஒரு காவல்முனைக்குச் சாமான் அனுப்பும் ஸ்டோரில் அவனுக்கு வேலை. அங்கே புதிதாகப் பனிக்காலணிகள் வந்து இறங்கின. பார்க்க அழகு, பளபளப்பு. போட்டு ஏறினால் நான்காம் நாளே அடிப்பகுதி பிளந்தது. பிளந்த வழியே பனி புகுந்தது. அந்த ஒரு குளிரில் பதினொரு சிப்பாய்களின் உறைந்து செத்த கால்விரல்களை வெட்டி எடுத்தார்கள், தாய்மார்களே. பதினொரு பேர்! இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள்!

இந்தக் காலணி குளிர் தாங்காது என்று முன்பே சோதித்துப் பார்த்து எழுதிய அறிக்கை ஒன்று இருந்தது. அதன் தலையில் "ரகசியம்" என்று சிவப்பு முத்திரை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். பதினொரு பேரின் கால்களை ஒரு முத்திரைக்குள் மறைத்ததைக் கேள்விப்பட்டிருக்கிறோமா?

சின்னராஜ் அந்தத் தாளைப் பார்த்தவுடனே ஓடிவந்து தெருவில் கூவவில்லை. மேலே இருப்பவரிடம் வாயால் சொன்னான். "பார்க்கலாம்" என்றார்கள். எழுதிக் கொடுத்தான். "மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம்" என்றார்கள். மறுபடி எழுதினான். அவனையே ஸ்டோரிலிருந்து எடுத்துச் சமையல் கொட்டகைக்கு மாற்றினார்கள். அதற்குள் அடுத்த பனிக்கு அதே காலணி மூட்டை மூட்டையாக மேலே ஏறத் தயாராக இருந்தது. அப்போதுதான், முன்பே தன் கையால் படியெடுத்து வைத்திருந்த அந்த அறிக்கையை வீட்டுக்கு அனுப்பினான். எப்படிப் படியெடுத்திருந்தான் தெரியுமா? ஊர் பெயர் வந்த இடத்தில் கோடு. படைப்பிரிவின் பெயர் வந்த இடத்தில் கோடு. ஆள் எண்ணிக்கை வந்த இடத்தில் கோடு. எதிரிக்கு உதவக்கூடிய எதையும் விட்டுவைக்காமல் அடித்தவன், தாளின் அடியில் தன் பெயரையும் நம்பரையும் மட்டும் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான். எந்தத் துரோகி தன் நம்பரைப் போட்டுக் காட்டிக் கொடுப்பான்?

இனி நடந்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பிறகு அழப்போகிறோம்.

ஆண்டாயி அம்மாளுக்கு எழுத்து தெரியாது. பட்டாளத்திலிருந்து மகன் கடிதம் வந்தால், காலையில் வேலைக்கு ஆள் பிரித்துவிடுகிற பெரட்டுக் களத்தில்தான் அதை வாசிப்பது வழக்கம். ஆபீஸ் கிளார்க் மோசஸ் அண்ணன் வாசிப்பார்; நூற்று நாற்பது பேர் கேட்பார்கள். அவன் ஒரு தாய்க்குப் பிள்ளையென்றாலும் ஒரு எஸ்டேட் டிவிஷனுக்கே கடிதம் எழுதுகிறவன் அல்லவா! அன்றும் உறையைப் பிரித்தார் மோசஸ். மேலே மடித்திருந்த தாளை எடுத்தார். கணீரென்று வாசிக்க ஆரம்பித்தார். காலணி, பிளவு, குளிர், விரல் எல்லாம் வந்தது.

"ஏன்டா மோசஸ், பய ஊரு பேர எழுதலியா? மறந்துட்டானா?" என்று கேட்டார் களத்தில் நின்ற மூத்த தொழிலாளி எல்லப்பன்.

"மறக்கலண்ணே, அடிச்சு வச்சிருக்கான். என்னமோ இருக்கு," என்றார் மோசஸ். ஆனாலும் நிறுத்தவில்லை. கடைசி வரி வரை வாசித்துவிட்டுத்தான் அடியில் இருந்த இரண்டாவது தாளைப் பிரித்தார். அதில்தான் மகன் எழுதியிருந்தான்: "அம்மா, இன்னொரு தாள் வச்சிருக்கேன். அத யாருக்கும் படிச்சுக் காட்டாத. இன்னார் கையில மட்டும் குடு, பேப்பர்ல போடச் சொல்லு."

நூற்று நாற்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மோசஸ் அண்ணன் முகம் வெளுத்துப்போனது. அந்த "இன்னார்" யார் என்ற பெயரை மட்டும் வாய்விட்டு வாசிக்காமல், ஆண்டாயி அம்மாள் காதோடு சொல்லிவிட்டுத் தாளை மடித்தார்.

எட்டு நாள் கழித்துப் பத்திரிகையில் செய்தி வந்தது. ஒரு மாதத்தில் அந்தக் காலணி மூட்டைகள் மலையிலிருந்து இறங்கின. புதிய காலணி ஏறியது. இந்தக் குளிரில் அந்தக் காவல்முனையில் ஒரு விரல் போகவில்லை, பெருமக்களே, ஒரு விரல் போகவில்லை! (கை தட்டுங்கள், இதற்குத் தட்டாமல் எதற்குத் தட்டுவது!)

ஆனால் சின்னராஜ் இன்று காவலில் இருக்கிறான்.

என்ன தம்பி கதிர்? எழுந்து நின்றே கேள்... ஆமாம், சரியான கேள்வி. "இன்னிக்குக் காலணி ரகசியத்தச் சொன்னவனைப் பாராட்டுனா, நாளைக்கு ஒருத்தன் பீரங்கி ரகசியத்த விப்பானுங்களே" என்கிறார். நானும் பட்டாளத்தில் இருந்தவன், தம்பி. ரகசியம் வேண்டும். ரகசியம் இல்லாத படை பாதிநாள் தாங்காது. ஆனால் ரகசியம் என்பது எதிரியின் கண்ணிலிருந்து சிப்பாயைக் காக்கப் போட்ட திரை. சிப்பாயின் கண்ணிலிருந்து தவறு செய்தவனைக் காக்கப் போட்ட திரை அல்ல! விற்றவன் பணம் வாங்குவான், பெயரை மறைப்பான். இவன் எதுவும் வாங்கவில்லை, பெயரை எழுதினான். இரண்டையும் ஒரே கூண்டில் ஏற்றலாமா? மறைத்தவனுக்கு மாலை, உரைத்தவனுக்கு உள்ளறையா? உட்கார் தம்பி, நல்லாக் கேட்டாய்.

தாய்மார்களே, உங்களுக்கு நான் சட்டம் சொல்லத் தேவையில்லை. கொழுந்து எடுக்கும் நெரையில் உங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. புதருக்குள் காட்டெருமை நிற்பதை முதலில் காண்கிறவள் கூவ வேண்டும். சூப்பர்வைசர் பேசாதே என்றாலும் கூவ வேண்டும். கண்டும் கூவாதவளுக்கு மறுநாள் நெரையில் பக்கத்தில் நிற்க ஆள் கிடைக்காது. போன வருஷம் கோகிலவாணி கூவினாள். புதிதாக வந்த சூப்பர்வைசர், வேலையைக் கெடுத்தாள் என்று அவளை வீட்டுக்குப் போகச் சொன்னார். என்ன நடந்தது? மொத்த நெரையும் கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே இறங்கியது! அவரே பின்னால் ஓடிவந்து, "ஏம்மா, எல்லாரும் மேல வாங்கம்மா" என்று கெஞ்சினார்.

சின்னராஜ் அந்த நெரையில் தாய் முதுகில் தொங்கி வளர்ந்த பிள்ளை. வேறு என்ன செய்வான்? ஆண்டாயி அம்மாளை நேற்று கேட்டேன், மகன் செய்தது சரியா என்று. "தப்போ சரியோ எனக்குத் தெரியாதுங்க. ஏம் புள்ள கண்டான், கூவிட்டான்," என்றார். வழக்கறிஞர் பத்துப் பேர் வாதாடினாலும் இதற்குமேல் என்ன சொல்லிவிடுவார்கள்?

இப்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். வருகிற திங்கட்கிழமை ராணுவ நீதிமன்றம் தீர்ப்புச் சொல்கிறது. படியெடுத்ததை அவன் முதல்நாளே ஒப்புக்கொண்டான். அதற்குத் தண்டனை சிறியதுதான். பெரிய குற்றச்சாட்டு வேறு. தாளை யார் கையில் கொடுத்தாய் என்று கேட்கிறார்கள். அவன் பெயரைச் சொல்ல மறுக்கிறான். பெயர் தெரியாதவரை, அந்தத் தாள் அந்நியன் கைக்கும் போயிருக்கலாம் என்றுதான் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். அதற்குத் தண்டனை பல ஆண்டுச் சிறை. தாய்க்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் சொல்கிறான்: "அம்மா, நான் மீறினதுக்குத் தண்டனை குடுத்தா வாங்கிக்கிறேன். பேரு மட்டும் சொல்ல மாட்டேன். அவருக்குப் பொம்பளப் புள்ள இருக்கு."

விசாரிக்க வடக்கிலிருந்து இரண்டு அதிகாரிகள் இங்கே வந்தார்கள். மரியாதையான மனிதர்கள், அவர்கள் கடமையைச் செய்தார்கள். பெரட்டில் நின்ற நூற்று நாற்பது பேரையும் கேட்டார்கள். "அன்னைக்கு ஒரே காத்துங்க, ஒண்ணும் வெளங்கல," என்றார்கள் நூற்று நாற்பது பேரும். மோசஸ் அண்ணனுக்கு மூக்குக் கண்ணாடி அன்று வீட்டிலேயே மறந்துபோயிருந்ததாம். ஆண்டாயி அம்மாள் வாயே திறக்கவில்லை. பெற்ற மகனை மீட்கும் பெயர் நாக்கில் இருக்க, மகன் சொன்ன ஒரு சொல்லுக்காக அந்தத் தாய் நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பெயருக்கு உரியவன் என்ன செய்தான்? அவன் கடை திறந்தான், கடை சாத்தினான். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தான். பென்ஷன் போய்விடுமோ என்று பயந்தான். பட்டாளத்தில் ஸ்டோரில் இருந்தபோதும் அவன் ஒருமுறை இதுபோல ஒரு தாளைக் கண்டவன்தான். கண்டு, மடித்து, அடியில் வைத்தவன்தான். அதற்கு அவனுக்குக் கிடைத்தது நன்னடத்தைச் சான்றிதழ்.

அங்கே, வலதுபக்கம் வேப்பமரக்... இல்லை, இந்தக் குளிரில் வேப்பமரம் ஏது... அந்தச் சவுக்கு மரத்தடியில் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் அன்பரே! ஊட்டியிலிருந்து வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். பேனாவில் மை இருக்கிறதா? எழுதிக்கொள்ளுங்கள். சின்னராஜ் அனுப்பிய தாளை ஆண்டாயி அம்மாள் கொண்டுவந்து கொடுத்தது என் கையில். கோயமுத்தூருக்குப் பஸ் ஏறிப் பத்திரிகை ஆபீஸ் மேஜைமேல் வைத்தவன் நான். வேறு ஒரு மனிதன் கைக்கும் அது போகவில்லை. பெயர் வெள்ளியங்கிரி. தகப்பனார் பெயர் பாலசுப்பிரமணியம். முன்னாள் ஹவில்தார். கீழ்பஜார், மளிகைக்கடை.

தட்டாதீங்க. தயவுசெய்து யாரும் கை தட்டாதீங்க. ஏழு மாதம் தாமதமாகக் கூவுகிறவனுக்கு எதற்குக் கைதட்டல்?

நாளைக் காலை முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன். திங்கட்கிழமை அந்த நீதிமன்ற வாசலில் நிற்பேன். இதையே அங்கும் சொல்வேன். தலைவர் அவர்களே, பேச இடம் கொடுத்ததற்கு நன்றி. குளிரில் உட்கார்ந்து கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. பெயர் காதில் விழாவிட்டாலும் ஆளை ஊகித்து, எனக்காகக் காது கேட்காதவர்களாக இருந்த அந்த நூற்று நாற்பது பேருக்கும் நன்றி, இனி உங்களுக்குக் காது கேட்கலாம். ஆண்டாயி அம்மா, உங்கள் மகனுக்கு இன்றே ஒரு கார்டு போடச் சொல்லுங்கள், மோசஸ் அண்ணனிடம். பெயரைச் சொல்லியாகிவிட்டது, இனி அவன் வாயைத் திறக்கலாம் என்று எழுதச் சொல்லுங்கள்.

வணக்கம்.