பச்சைக் கிளைகள் இல்லாத குளம்

நாங்கள் பனியை வரைவது பெரும்பாலும் ஜூலை மாதத்தில்தான். குளிர்காலத்தில் வெளிச்சம் சீக்கிரம் போய்விடும், விரல் மடங்காது, சாயம் இறுகிவிடும். ஆகவே கோடையில் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை மாட்டி, கூடத்துத் தரையில் பஞ்சைப் பரப்பி, கவிழ்த்த பெஞ்சின்மேல் உட்காரவைத்து அதைச் சறுக்குவண்டி என்போம். பிளம் பழக் கூழ் தடவிய ரொட்டி கொடுத்தால் அசையாமல் இருப்பார்கள். என் பனி எல்லாம் அப்படி வந்ததுதான். பெர்லின் வரவேற்பறைகளுக்கு அது போதுமானதாக இருந்தது.

சென்ற ஆண்டு காசெல் நகர ஓவியக் கண்காட்சியில் ஒரு பத்திரிகைக்காரர் என் படத்தின் முன் நின்றார். "இந்தப் புள்ளைங்க கன்னம் குளிர்ல செவக்கல. புழுக்கத்துல செவந்திருக்கு" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சொன்னது உண்மை, எனக்குக் கோபம் வரவில்லை. இந்தக் குளிர்காலத்தில் கிராமத்திலேயே தங்கி, பீர் ஆலைக் குளத்தின் கரையில் என் ஓவியத் தாங்கியை நிறுத்தினேன்.

நீங்கள் பிடித்து வைத்திருக்கும் ஹென்னரை அங்கேதான் பார்த்தேன். ஆலையின் நிலவறைக்காகக் குளத்துப் பனிக்கட்டியை அறுத்து எடுப்பவன். அறுத்த இடத்தில் நீர் மறுபடி உறையும். மேலே பனி விழுந்துவிட்டால் அந்த இடம் தனியாகத் தெரியாது. அதனால் அதைச் சுற்றி ஊசியிலை மரக் கிளைகளை நட்டுவைப்பது இங்கே வழக்கம். ஹென்னர் ஒழுங்காக நட்டிருந்தான். என்னிடமும் சொன்னான்.

"பச்சை நட்ட பக்கம் மட்டும் போயிடாதீங்கய்யா. பால்ல ஆடை படிஞ்ச மாதிரிதான் இருக்கு."

ஆழம் எவ்வளவு என்று கேட்டேன்.

"என் தோள்மேல எங்க முதலாளிய ஏத்தி நிறுத்துனாலும் அவரு தொப்பி நனையும். நிறுத்திப் பாக்கலாம்னு ஆசைதான்."

பிள்ளைகள் போய்விடமாட்டார்களா என்றேன்.

"அதுங்களுக்கு நடக்கத் தெரியறதுக்கு முன்னாடியே இது தெரியும். பச்சை இருந்தா ஒதுங்கும். இல்லேன்னா ஓடும்."

என் சிரமத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். கரைச் சரிவில் இறங்கும் பிள்ளைகளின் சறுக்குவண்டிகள் கிளைகளுக்கு வெகு முன்பே ஒடித்துத் திரும்பிவிடும். நல்ல வெளிச்சம் கிளைகளுக்கு அப்பால்தான் விழுந்தது. வெள்ளையின் குறுக்கே அந்தக் கறுத்த கோடுகள் வேறு. அதைவிடப் பெரிய சிரமம் முகங்கள். ஆச்சரியப்படுங்கள் என்று சொன்னால் பிள்ளைகள் நாடகக்காரர்கள்போல் ஆச்சரியப்பட்டார்கள். "ஏய், முள்ளங்கி மூக்கா, வாயத் தொறந்தா ஐயா உள்ள பல்லை எண்ணப் போறாரு!" "உன் வாய்ல எண்ண என்ன இருக்கு, பொக்கை?" இப்படியே பொழுது போனது.

ஆகவே ஒரு காலையில், பிள்ளைகள் வருவதற்குமுன், கிளைகளைப் பிடுங்கினேன். சுலபமாக வந்தன. விரல்களைச் சூடாக்கப் பக்கத்தில் கணப்புச் சட்டி வைத்திருந்தேன், அதில் போட்டேன். பச்சைக் கிளை நிறையப் புகையும். நட்டதற்கு அடையாளம் ஒன்றும் கிடைக்கவில்லை என்று உங்கள் காவலர்கள் எழுதியிருப்பது இதனால்தான். ஹென்னரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

முதல் வண்டியில் சலவைக்காரியின் மகள் ட்ரூடா வரட்டும் என்று சொன்னதும் நான்தான். அவளிடம் சிவப்புக் கழுத்துத் துணி இருந்தது. வெள்ளைக்கு நடுவே சிவப்பு நன்றாக நிற்கும்.

சத்தம் பெரிதாக இல்லை. கண்ணாடித் தட்டில் கரண்டி பட்டதுபோல. வண்டி மூக்குக் குத்தி இறங்கியது, அவளும் இறங்கினாள். கரையில் நின்ற பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். இத்தனை ஆண்டுகளில் அப்படிப்பட்ட முகங்கள் எனக்குக் கிடைத்ததில்லை. பென்சில் கையில்தான் இருந்தது. ஆலையிலிருந்து ஆட்கள் ஓடிவந்து ஏணியை எடுத்தபோது எல்லா முகங்களையும் முடித்திருந்தேன். அந்த ஏணி இரண்டு நாளாக எனக்குப் பக்கத்துக் கொட்டகையில்தான் சாத்தியிருந்தது, நான் அதைத் தொடவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் கடைசியாக என்ன பேசினாள் என்று அவள் தாய் என்னைக் கேட்டாள். அதை உங்களிடம் சொல்கிறேன். சரிவின் மேலிருந்து ட்ரூடா கூப்பிட்டுக் கேட்டாள்: "ஐயா, பச்சையக் காணோமே?"

"ஹென்னர் எடுத்துட்டாரும்மா. இப்ப கெட்டியாயிடுச்சு. வா" என்றேன்.

வேண்டுமென்றே செய்தீர்களா என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். ஆம். ஒரு பிள்ளை விழவேண்டும், மற்றவர்கள் பார்க்கவேண்டும் என்றுதான் செய்தேன். ஆழமும் தெரிந்துதான் இருந்தது.

மீதியைச் சாயத்தில் சரிசெய்துவிட்டேன். அலறும் வாய்க்கும் சிரிக்கும் வாய்க்கும் அதிக வேறுபாடு இல்லை ஐயா. எல்லாம் புருவத்தில் இருக்கிறது. புருவங்களைக் கொஞ்சம் தளர்த்தினேன், கன்னத்தை மேலே தூக்கினேன். குளத்தில் உடைந்த இடத்தை மூடிவிட்டேன். ட்ரூடா வண்டியில் இருக்கிறாள், எல்லோருக்கும் முன்னால்.

படம் உங்கள் அறையில் இருப்பதாகச் சொன்னார்கள். அவள் தாயை அழைத்து ஒருமுறை காட்டுங்கள். அன்று அங்கே ஒரு பிள்ளைகூடப் பயப்படவில்லை என்பதை அவளே பார்த்துக்கொள்ளட்டும்.