ஓட்டையில்லாத சைலன்ஸர்

இல்ல துரைசாமி மாமா, நீங்க மொதல்ல உக்காருங்க. அக்காவ அப்புறம் கூப்பிடலாம். கல்யாணம் பேசி முடிச்சதே நீங்கதான். இப்ப சமாதானம் பேசி அவளத் திரும்பக் கார்டன் ரீச்சுக்கு, அத்தான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகவும் வந்திருக்கீங்க. வந்த கால்லயே கெளம்பினா எப்படி? காப்பி நாந்தான் போட்டேன். சக்கரை தூக்கலா? நான் பேசப்போற பேச்சுக்கு அது சரியாப் போயிடும்.

அத்தான் குடுத்தனுப்பின பொட்டலத்தப் பிரிச்சுட்டேன். இதத்தான் ரிப்பேர் பண்ணச் சொன்னாரா? இது என்னன்னு தெரியுமா உங்களுக்கு? அவரு ஞாயித்துக்கெழம ரிமோட்ட வச்சு ஓட்டுவாரே, நைட்ரோ காரு, அதோட சைலன்ஸர். பொம்மைன்னு சொல்லிடாதீங்க, அவருக்குக் கோவம் வரும். பேட்டரி இல்ல மாமா, நெஜ எஞ்சின். மெத்தனால் கலந்த ஃப்யூயல், பொகை, எல்லாம் உண்டு.

சத்தத்தக் கொறைக்கத்தானேங்கறீங்களா? அதான் இல்ல. நடுவுல வயிறு மாதிரி குண்டா இருக்கு பாருங்க, வெளிய போற பொகை இதுல முட்டித் திரும்பும். எரியாம நழுவப் பாக்குற கலவையத் திரும்ப எஞ்சினுக்குள்ளயே தள்ளும். அதுலதான் வேகம். வளைஞ்சு வளைஞ்சு ஓடணும்னா கொஞ்சம் நீளமான பைப்பு, நேரா பறக்கணும்னா குட்டை. அத்தானுக்குப் பறக்கணும். கரியாஹாட் கடைக்கு நான்தான் கூடப் போயி, பெங்காலிக் கடைக்கார தாதாகூட வாதாடி, இத எடுத்துக் குடுத்தேன். மெக்கானிக்கல் படிக்கிற மச்சினின்னு அப்ப எவ்ளோ பெருமை அவருக்கு!

போன பூஜா சமயத்துல இதுல விரிசல் விட்டுச்சு. அலுமினியக் கம்பி வச்சு, கேஸ் டார்ச்சால சூடு காட்டி, நான்தான் ஒட்டினேன். இந்தாங்க, தடவிப் பாருங்க. பயப்படாதீங்க, இப்ப சில்லுன்னுதான் இருக்கு. கம்பளிப்பூச்சி படுத்திருக்கிற மாதிரி ஒரு மேடு, முனையில வளைஞ்சு. என் கை நடுங்கின எடம் அது. ராவினா பலம் போயிடும்னு அப்படியே விட்டுட்டேன்.

இப்ப என்ன ரிப்பேரா? அதத்தான் மாமா நானும் கேக்கறேன். காப்பி போடற நேரத்துலயே ஒரு முனைய ரப்பரால அடச்சு, பக்கெட் தண்ணில முக்கி, ஊதிப் பாத்தேன். ஒரு குமிழிகூட வரல. இணைப்பு ரப்பரும் நல்லாத்தான் இருக்கு. ஓட்டையே இல்லாத பைப்ப எதுக்கு அனுப்பினாரு? நீங்கதானே உள்ள வரும்போதே சொன்னீங்க, மேடு அசிங்கமா இருக்காம், ராவி வழவழன்னு பண்ணணுமாம். இத்தன நாளா அந்த அசிங்கம் அவரு கண்ணுக்குப் படல. அக்கா இங்க வந்து சேந்த வாரம் பட்டிருக்கு.

ஆமா, வாதாடறேன்தான். யுனிவர்சிட்டிலயும் இதத்தான் சொல்லுவாங்க. காரத் தொடைக்கும்போது அக்காமேல தெரியாமச் சூடு பட்டுடுச்சுன்னு அவரு சொன்னாரு, நீங்களும் நம்பிட்டீங்க. சரி, நம்புங்க. ஓடி நின்ன உடனே இதுமேல தண்ணி தெளிச்சா சுர்ருங்கும். வெரல் பட்டா என்ன பண்ணுவோம்? வெடுக்குன்னு இழுத்துப்போம். நுனில ஒரு கொப்புளம், அவ்ளோதான். அவளுக்குப் பட்டிருக்கிறது முதுகுல மாமா. எடது தோள்பட்டைக்குக் கீழ. முதுகால யாராவது காரத் தொடைப்பாங்களா?

அந்தச் சூட்டுக் காயம் இந்த நீளம், இதே வயிறு. நடுவுல அந்தக் கம்பளிப்பூச்சி, முனையில வளைஞ்சு. மருந்து போடலாம்னு துணிய வெலக்கினவ அப்படியே தரையில உக்காந்துட்டேன். என் கைவேலைய எனக்குத் தெரியாதா? அவ திரும்பிப் பாத்து, ஏன்டி அழறேங்கறா. அவ அழல.

எல்லா வீட்லயும் நடக்கறதா? உங்க வீட்லயுமா? மாமிக்கு ஃபோன் போட்டுக் கேக்கட்டுமா? லேக் மார்க்கெட்ல நம்ம தமிழாளுங்க நாலு பேரு பேசுவாங்கன்னா பேசட்டும். அவங்க முதுகு பத்திரமாத்தான இருக்கு.

கத்தாதீங்க. கூப்பிட்டா வர அக்கா வீட்லயே இல்ல. நீங்க காலிங்பெல் அடிக்கும்போதே அம்மாவும் அவளும் போலீஸ் ஸ்டேஷன்ல இருந்தாங்க. பைப்ப உங்ககிட்டதான் குடுத்தனுப்பறேன்னு அத்தான் எனக்கு ஃபோன்ல சொன்னாரே, அதனாலதான் நான் இங்கயே இருந்தேன். உங்களப் பேச்சுல உக்கார வைக்க வேற ஆள் கெடையாது பாருங்க.

இல்ல, அதப் பொட்டலத்துல வைக்காதீங்க. மேசமேலயே இருக்கட்டும். கீழ போலீஸ் ஜீப்பு நிக்குது, மாடி ஏறி வரட்டும். அந்த இன்ஸ்பெக்டர் மேடம் உங்கள ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாங்க. இத யாரு உங்க கைல குடுத்தாங்க, என்ன பண்ணச் சொல்லிக் குடுத்தாங்கன்னு. நீங்க என்னவிட நல்லாவே பெங்காலி பேசுவீங்களே மாமா. நீங்களே சொல்லிடுங்க.